பென்சில் குறி

“குளத்துல ஒண்ணுமே இல்லைன்னு யாரைக் கேட்டு எழுதினீங்க?”

“அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம்…”

“என்னத்தைக் கேக்கறது? முதல்ல வாளிக்குள்ள எட்டிப் பாருங்க!”

நகராட்சித் தலைவியின் குரல் வராந்தா வரை கேட்டது. மேசையோரம் அவருடைய மருமகள் வாளியோடு நின்றாள். உள்ளே தட்டு அகலத்தில் ஓர் ஆமை, ஏறுவதும் வழுக்குவதுமாக இருந்தது. குளக்கரையில் முட்டையிடக் குழி பறித்துக்கொண்டிருந்ததாம். பின்னால் மண் லாரிகள் வரிசைகட்டி நிற்க, பதறிப்போய்த் தூக்கி வந்திருந்தாள்.

“குளத்தை மூடி பஸ் நிலையம் கட்டலாம்னு மேலிடம் சொன்னதே நம்ம உயிரினப் பதிவேட்டை நம்பித்தாம்மா,” என்றார் குமாஸ்தா. “மறுப்பு சொல்ற தேதியும் போயிடுச்சு. இனி நம்ம கையில இல்லை.”

சொல்லிக்கொண்டே கோப்புகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பது அவர் வழக்கம். தலைவிக்கு அது பெரிய வசதி. திட்டுகிற திட்டை நிறுத்தாமலே, குறி கண்ட இடத்திலெல்லாம் பேனாவை ஓட்டினார்.

“ஆமை, தவளை, நீர்க்கோழின்னு அத்தனை கிடக்கு அங்க! கண்ணை எங்க அடகு வெச்சான் இதைச் சரிபார்த்த ஆளு?”

“விடுங்கம்மா, பழைய கதை.”

“ஏன் பூசி மெழுகறீங்க? உங்களுக்கு வேண்டியவனோ?”

குமாஸ்தா அடுத்த கோப்பை நகர்த்தினார்.

“எந்த மடையன் சரிபார்த்தான்னு ஊருக்கே தெரியணும். எடுங்க பதிவேட்டை!”

“இப்ப வேணாம்மா… மருமகப் பொண்ணு நிக்குது.”

“அவளுந்தான் பார்க்கட்டுமே!”

குமாஸ்தா நிமிர்ந்து பார்க்காமல் பதிவேட்டை விரித்தார். மருமகள்தான் வாய்விட்டுப் படித்தாள்.

“குளத்தில் வாழும் உயிரினங்கள்: எதுவும் இல்லை. நேரில் கண்டு உறுதி செய்கிறேன்…”

அதற்குமேல் அவள் படிக்கவில்லை.

அடியில் மங்கலாக ஒரு பென்சில் குறி. அதன்மேல், வாலைச் சுழித்துக்கொண்டு, தலைவியின் கையெழுத்து. ஏதோ திறப்பு விழாவுக்குப் போகிற அவசரத்தில், காரில் உட்கார்ந்தபடி முழங்காலில் வைத்துப் போட்டது.

ஐந்தாவது கோப்பின் குறிமேல் பேனா அப்படியே நின்றது.

வாளிக்குள் நகங்கள் பிறாண்டின.

“அத்தை,” என்றாள் மருமகள் மெதுவாக, “இதை நான் எங்க கொண்டுபோய் விடட்டும்?”