சுலபமான லினக்ஸ்

"ஏட்டி, ரூம்காரனுக்குக் கம்ப்யூட்டரே புதுசு. எந்த லினக்ஸ் போடச் சுலபமோ, அதைச் சொல்லு," என்றான் மரியான், மஸ்கட் போனில்.

ரெஜிஷாவுக்கு மனசு குளிர்ந்தது. இரணியலில் அவள் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தத் தொடங்கி ஆறு வருஷம் ஆகிறது. அவள் வேலையைப் பற்றிப் புருஷன் அக்கறையாகக் கேட்டது இதுதான் முதல் தடவை.

போன மாதம் தன் அப்பா இறந்தபோதுகூட லீவு கிடைக்காமல் நெட் போனில் கதறியவன் அவன். அடக்கம் முடியும் வரை சவப்பெட்டிக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தபடி ரெஜிஷாதான் நின்றாள்.

"டெபியன் வேண்டாம் அத்தான், ஆயிரம் கேள்வி கேக்கும். ஃபெடோராவுல டிஸ்கைப் பிரிக்கதுக்குள்ள புது ஆளுக்குத் தலை சுத்தீரும். உபுண்டு போடுங்க. நெட் இருந்தா பாதி விவரத்தை அதுவே கண்டுபிடிச்சிரும்."

மறுநாள் சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அவனே கூப்பிட்டான். திரையில் வருவதை அவன் படித்தான். எதை அமுக்க வேண்டும் என்று அவள் சொன்னாள்.

"டிஸ்கை முழுசா அழிக்கவான்னு கேக்கு."

"புது லேப்டாப்தானே? அழியுங்க."

"அம்மாடி, இவ்வளவுதானா! இதுக்கா நீ ஃபீஸ் வாங்குதே?" மரியான் சிரித்தான். ஒரு மாதமாக அவள் கேட்காத சிரிப்பு. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"இப்ப உலகப் படம் வந்திருக்கு. நீ சொன்னது சரிதான், ஊரை அதுவே போட்டாச்சு. கொல்கத்தா. அடுத்ததை அமுக்கட்டா?"

சென்டரில் இருபது மெஷினுக்கும் உபுண்டு போட்டவள் அவள். இந்தியாவின் எந்த மூலையில் நெட்டைக் கொடுத்தாலும் அது கொல்கத்தா என்றுதான் காட்டும். மஸ்கட்டில் கொடுத்தால் மஸ்கட் என்று காட்டும்.

"ஏட்டி, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். அமுக்குங்க."

"இனி பேரு கேக்கு. யாரு பேரைப் போட?"

"பேரு கெடக்கட்டும் அத்தான். நீங்க இப்ப எந்த ஊர்ல இருக்கிய?"