குறட்டை நேரில் வர வேண்டும்

“குறட்டைங்கற பேர்ல எப்படிம்மா ஒரு ஃபைல்ல கையெழுத்துப் போடறது?”

மருத்துவமனையின் கொள்முதல் அதிகாரி இவ்வாறு வினவியபோது, எதிரே அமர்ந்திருந்த கணினிப் பொறியாளரான இளம்பெண் சுவர்க் கடிகாரத்தை நோக்கினாள். மணி பதினொன்று. ஐந்து மணிக்குள் அவர் கையெழுத்திடாவிட்டால், மூன்று மாதங்களாக அவள் பாடுபட்டு நிறுவிய மென்பொருள் அழிக்கப்படும். அவளுடைய தற்காலிக வேலையும் அத்துடன் முடிந்துவிடும்.

“அது இந்த சாஃப்ட்வேரை எழுதினவரோட புனைபெயர் சார். நெட்ல எல்லாருக்கும் அவரை அப்படித்தான் தெரியும்.”

“குறட்டைக்கு வீடு, விலாசம் ஏதாவது உண்டா?”

இல்லை என்று ஒப்புக்கொள்வதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

அம்மருத்துவமனையில் ஆய்வகம், மருந்தகம், நோயாளிகள் பிரிவு ஆகிய மூன்றிற்கும் தனித்தனி மென்பொருள்கள் இருந்தன. வெவ்வேறு இடங்களில் வாங்கப்பட்டவை ஆதலால், ஒன்று சொல்வது மற்றொன்றுக்குப் புரியாது. ஆய்வகத்தில் அச்சிட்ட இரத்தப் பரிசோதனை முடிவைச் செவிலியர் ஒருவர் மூன்று மாடி ஏறிக் கொண்டுசென்று, அங்கே மறுபடியும் தட்டச்சு செய்வது வழக்கமாக இருந்தது. இவள் நிறுவியதோ, இம்மூன்றுக்கும் நடுவே நின்று செய்தி பரிமாறும் இடைமென்பொருள். அதை யார் வேண்டுமானாலும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம்; திறந்து பார்க்கலாம்; திருத்தவும் செய்யலாம்.

“நடுவுல நின்னு அது அப்படி என்னதான் செய்யுது?”

“இந்தப் பக்கம் குடுக்கறத வாங்கிப் பத்திரமா வச்சிருக்கும் சார். அந்தப் பக்கம் எப்ப வருதோ, அப்ப அதோட பாஷையில குடுத்துடும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இருக்கணும்னு அவசியமே இல்ல.”

“நம்ம விதிப்படி இருக்கணுமே.”

அதிகாரி விதிநூலைப் புரட்டி, பொருளைத் தருபவர் நேரில் வந்து படிவத்தில் கையெழுத்திட்டு அதிகாரியிடம் தர வேண்டும் என்னும் பகுதியை விரலால் தொட்டுக் காட்டினார். விலையில்லாப் பொருளுக்கும் இது பொருந்துமா என்று அவள் கேட்டாள். அதற்குத்தான் முக்கியமாகப் பொருந்தும் என்றார் அவர். காசு வாங்காமல் வேலை செய்கிற ஆளை, கண்ணால் பார்க்காமல் எப்படி நம்புவதாம்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். “உண்மையைச் சொல்லும்மா. அந்தக் குறட்டை நீதானே?”

அவள் பதறி மறுத்தாள். குறட்டை எழுதியதில் ஓரிரு வரிகளைத் திருத்தி அனுப்பியிருக்கிறாளேயன்றி, அவரைப் போல் எழுதும் திறமை தனக்குக் கனவிலும் வராது என்றாள். எட்டு ஆண்டுகளாக உலகெங்கிலும் இருந்து யார் என்ன சந்தேகம் கேட்டாலும் குறட்டை பத்து நிமிடத்தில் பதில் அளித்துவிடுவார் என்றும், மதிய உணவு நேரம் நீங்கலாக அவர் ஓய்வெடுத்து எவரும் அறிந்ததில்லை என்றும் உருக்கமாக எடுத்துரைத்தாள்.

அதிகாரி கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அவருடைய மேசையிலிருந்து ஒரு கோப்பு நகர்ந்து அந்த அலுவலகத்தில் எவரும் கண்டதில்லை. அவருடைய தட்டச்சு ஓசை ஓய்ந்தும் கேட்டதில்லை.

“வரச் சொல்லும்மா. வந்தா பார்க்கலாம்.”

அவள் நடைபாதைக்கு வந்து, நிலைமை முழுவதையும் குறட்டைக்கு எழுதினாள். ‘தாங்கள் இன்று நேரில் வந்து கையெழுத்திடாவிட்டால், நாளை முதல் செவிலியர்கள் மறுபடியும் மாடி ஏறுவார்கள், நான் வேலையின்றி வீட்டில் இருப்பேன்’ என்று முடித்தாள். ஒன்பதாம் நிமிடத்தில் பதில் வந்தது: ‘வருகிறேன்.’

செய்தி பரவியது. மூத்த செவிலியர் ஒருவர் அவளை வழியில் மறித்து, “அவர் வந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லு கண்ணு. நன்றிய நான் வாயால சொல்லப் போறதில்ல, என் ரெண்டு முட்டியையும் காட்டப் போறேன்” என்றார்.

“கண்டிப்பா சொல்றேன்க்கா” என்றாள் அவள்.

நான்கரை மணிக்கு அவள் மீண்டும் அதிகாரியின் அறையில் அமர்ந்திருந்தாள். குறட்டை வரவில்லை. வாசலில் காலடி ஓசை கேட்கும்போதெல்லாம் அவள் திரும்பிப் பார்த்தாள், அதிகாரியும் பார்த்தார்.

நான்கு ஐம்பதுக்கு அதிகாரி கணினியை அணைத்தார். பேனாவை மூடினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “நீ இரும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேறினார். கதவு சாத்திக்கொண்டது. இனிக் குறட்டையே ஓடி வந்தாலும் வாங்கிக்கொள்ள ஆளில்லை.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

“வாங்க” என்றாள் அவள்.

பையும் தோளுமாக அதிகாரி உள்ளே வந்தார். தம்முடைய நாற்காலிப் பக்கம் திரும்பாமல், வந்தவர்கள் அமரும் நாற்காலியின் நுனியில் மிகுந்த பணிவுடன் அமர்ந்தார்.

“வணக்கங்க. நான்தான் குறட்டை. அதிகாரி இருக்காருங்களா?”

அவள் அவரைப் பார்த்தாள். எதிரே காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தாள். “இப்பத்தான்... வெளிய போனார் சார்.”

அவர் பெருமூச்சு விட்டார். “எட்டு வருஷமா இந்த மனுஷனைப் பார்க்கத்தாங்க நானும் அலையறேன். நான் வர்ற நேரத்துல இருக்கவே மாட்டேங்கறார்.”

மணி நான்கு ஐம்பத்தைந்து. அவள் படிவத்தை எடுத்து அவர்முன் வைத்துப் பேனாவையும் திறந்து கொடுத்தாள்.

“நீங்க போட்டுக் குடுத்துட்டுக் கிளம்புங்க சார். நான் பத்திரமா வச்சிருந்து, அவர் வந்ததும் குடுத்துடறேன்.”