மாமனாரின் பத்து வயது

"பத்து வயசுல உங்கப்பா எப்படிச் சாப்பிட்டார்?"

கல்யாணம் பேச வந்தவர்களுக்குத் தேநீரை நீட்டியபடியே கேட்டார் பெண்ணின் அப்பா. பெரிய ஆராய்ச்சி டாக்டர். பையனின் அப்பா வாயைத் திறப்பதற்குள், மேஜைக்கு அடியில் மனைவி அவர் காலை மிதித்தாள்.

"எங்க மாமனாரா? ராஜபோகம்!" என்றாள். "ஒரு வேளைக்கு மூணு ஆள் சாப்பாடு சாப்பிடுவாராம்."

"பட்டினி கிட்டினி கிடந்ததுண்டா?"

"எங்க குடும்பத்துலயா! நல்லா கேட்டீங்க போங்க."

மறுபடியும் ஒரு மிதி.

டாக்டரின் முகம் சுண்டிப்போனது. "தப்பா நினைக்காதீங்கம்மா. தாத்தா அந்த வயசுல அளவுக்கு மீறிச் சாப்பிட்டிருந்தா, அது பேரனோட ஆயுசுல கை வைக்கும்னு சொல்ற கட்சி நான். என் ஆராய்ச்சியே அதுதான். அரை வயிறா வளர்ந்தவர்னா கண்ணை மூடிக்கிட்டு சரின்னிருப்பேன். யோசிச்சுச் சொல்றேன்."

மூவரும் மாடிப்படி இறங்கினார்கள். பையன் அழாத குறை. வாசலில் அவள் கணவரின் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, மேல போய் உண்மையைச் சொல்லிடுங்க. அந்தப் பஞ்சத்துல மாமா புல்லை அவிச்சுத் தின்னதை எல்லாம் சொல்லுங்க."

"எங்க போனாலும் அதைச் சொல்ல விடாம காலை மிதிப்பே. இத்தனை வருஷத்துல எங்கப்பாவோட பசியைப் பத்தி விசாரிச்ச முதல் மனுஷன் அவர்தான்."

நொண்டிக்கொண்டே படியேறியவர் திரும்பிப் பார்த்தார்.

"நீ கீழேயே நில்லு. எனக்கு இன்னும் ஒரு கால்தான் நல்லா இருக்கு."