பத்துக்கு ரெண்டு

"ஒரு உயிரோட விலை ரெண்டு மார்க்குதானா ஐயா?"

நர்சு கருத்துச் சீட்டைப் பாத்திரக்கடைக்காரர் மூக்குக்கு நேரே நீட்டினாள். 'டாக்டரின் கவனிப்பு எப்படி? பத்துக்கு எத்தனை?' என்று அச்சடித்த கேள்விக்குப் பக்கத்தில், அவர் கையால் குண்டாக ஒரு ரெண்டு.

"ஒண்ணரைதான் போடலாம்னு இருந்தேன். உன் முகத்துக்காக ஏத்திப் போட்டேன்," என்றார் அவர், கிளினிக் பெஞ்சில் சாவகாசமாகச் சாய்ந்தபடி.

"போன மாசம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வந்தீங்க. பாதிச் சவரத்துல, ஒரு கன்னத்துல நுரையோட ஓடி வந்தாரே டாக்டர், மறந்துடுச்சா?"

"அந்த நுரை என் சட்டையில ஒட்டிடுச்சு. அதுக்கு ரெண்டு குறைச்சேன்."

"மீதி ஆறு?"

"ஊசி வலிக்கவே இல்லை. போட்டாரா இல்லையான்னே தெரியல. வாங்கின சரக்கைக் கண்ணால பார்க்க வேண்டாமா?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நர்சு மட்டும் கையிலிருந்த மற்றச் சீட்டுகளைப் புரட்டினாள். அவள் வேலைக்கு வந்து ரெண்டு மாதம்தான் ஆகிறது. இந்தக் கிளினிக் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் கிளை. மாதச் சீட்டுகளைக் கட்டி அங்கே அனுப்ப வேண்டிய நாள் இன்று. உள்ளே டாக்டரோ ஒன்றும் அறியாதவராக, தையல்காரரின் முழங்காலை அழுத்திப் பார்த்துக்கொண்டே அவருடைய மருமகள் புராணத்தை இருபது நிமிஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க மட்டுமில்ல. அந்தத் தையல்காரரும் ரெண்டு, தபால்காரரும் ரெண்டு. இங்கேயே ரெட்டைப் பிள்ளை பெத்துக்கிட்ட டீச்சரம்மாவும் ரெண்டு. பிள்ளைக்கு ஒரு மார்க்கா? இப்படிப் போனா டாக்டரைத் தூக்கிடுவாங்க ஐயா. ஒரு எட்டாவது போடுங்க."

"ரெண்டேகால்."

"ஏழு."

"ரெண்டரை. அதுக்கு மேல கட்டுப்படி ஆகாது."

அவள் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் கடைக்காரர் குரலைத் தணித்தார்.

"இங்கே வாம்மா. இவருக்கு முன்னால ஒரு டாக்டரம்மா இருந்தாங்க, தங்கமான மனுஷி. நாங்க கூறுகெட்டுப் போய், ஆளாளுக்குப் பத்துக்குப் பத்து போட்டோம். அடுத்த மாசமே பெரிய ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. போகமாட்டேன்னு அவங்க அழுதாங்க, யாரு கேட்டா? நல்ல சரக்கு கிடைக்கிற இடத்தைத் தெருவுல நின்னு கூவலாமா?"

"ரெண்டு போட்டா வேலையே போயிடாதா?"

"அவங்களுக்கும் முன்னால ஒரு சிடுமூஞ்சி இருந்தாரு. நாக்கை நீட்டுன்னு சொல்லிட்டுப் பேப்பர் படிப்பாரு. மாசா மாசம் அதே ரெண்டு மார்க்தான் வாங்கினாரு. ஆறு வருஷம் ஒருத்தரும் அசைக்கல. ரெண்டுங்கிறது அனுபவப்பட்ட விலை."

நர்சு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்காமலே சீட்டுகளை எண்ணினாள். எண்ணியவள் நின்றாள். அந்த மாதம் வந்த நோயாளிகள் நாற்பத்தேழு. சீட்டு நாற்பத்தெட்டு. கூடுதலாக வந்த ஒன்றில் மார்க் பூஜ்யம்.

"ஐயா, இதுவும் உங்க வேலைதானா?"

"பூஜ்யமா? சேச்சே. அடிமாட்டு விலைக்குக் கேட்டா சந்தேகம் வந்துடும். வியாபாரம் தெரியாத ஆளு எவனோ." சீட்டின் அடியில் எழுதியிருந்த வரியை அவர் நேராகவும் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். "கோழி கிளறின மாதிரி இருக்கு. ஒரு எழுத்தும் புரியல."

நர்சு வாங்கிப் பார்த்தாள். ரெண்டு மாதமாக மருந்துச் சீட்டுகளில் அதே கிறுக்கலைப் படித்துப் பழகிய கண். தட்டுத் தடங்கல் இல்லாமல் வாசித்தாள்:

"கவனிப்பு படுமோசம். இந்த ஆளை வேறு எங்கும் அனுப்ப வேண்டாம்."

கணக்கு நேராயிற்று: நோயாளிகள் நாற்பத்தேழு, டாக்டர் ஒன்று.