சுட்டுவிரல்

கணக்கு டீச்சர் கோமதிநாயகி வகுப்பில் சுட்டுவிரலை உயர்த்தினால் நாங்கள் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவோம். ஓய்வு பெற்ற பிறகு அவர் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டார். அதே விரலை நாக்கில் நனைத்து உயரத் தூக்கிக் காற்றின் திசை பார்ப்பார். “இதத் தூக்குனா நீங்கள்லாம் அடங்கிருவீங்க. காத்துகிட்ட நான்தாம்ல அடங்கிக் கேக்கணும்” என்று சிரிப்பார்.

முதன்முதலாகத் தனியே ஓட்டிப்போன தீவுக்கு அப்பால்தான் தன் அஸ்தியைக் கரைக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார். அவருடைய படகிலேயே கிளம்பினோம். பழைய மாணவர்கள் ஐந்து பேர். சுக்கானைப் பிடித்துக்கொண்டு அவர் மகள் தமயந்தி. தீவு கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் காற்று நின்றுவிட்டது. பாய் துவண்டு தொங்கியது. படகில் மோட்டார் கிடையாது. டீச்சர் கடைசிவரை வைக்கவிடவில்லை.

“விசைப்படகுல வந்திருக்கலாம்லா?”

“நீதானல இதுலதான் போவணும்னு ஒத்தக்கால்ல நின்ன?”

தலை நரைத்த நாங்கள் வாத்தியார் வராத வகுப்பைப்போல ஆளாளுக்குக் கத்தினோம். அஸ்திக் கலயத்தை மடியில் வைத்திருந்த சுடலைமுத்துதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினான்.

தமயந்தி சுட்டுவிரலை நாக்கில் தொட்டு உயர்த்தினாள். அவள் தேடியது காற்றைத்தான். ஆனால் நாங்கள் ஐந்து பேரும் சட்டென்று வாயை மூடி, முதுகை நிமிர்த்தி, கைகட்டி உட்கார்ந்துவிட்டோம். கடல் அவ்வளவு அமைதியாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எங்களுக்குப் பின்னால் பாயின் ஓரம் லேசாகப் படபடத்தது.

விரல் இன்னும் இறங்கவில்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.