போயிட்டு வாரேன்

மஸ்கட்டில் இருந்துகொண்டே இசக்கிதுரை ஊரிலுள்ள தன் வீட்டு வாசலில் கேமரா வைக்கச் செய்தான். திருட்டுப் பயம் என்றான். வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அவன் மனைவி செண்பகம் அதை அண்ணாந்து பார்த்து, "போயிட்டு வாரேங்க" என்பாள். அவன் போனில் பார்த்துக்கொண்டிருப்பான். யார் வண்டியில் ஏறினாய், ஏன் இவ்வளவு நேரம் என்று மாலையில் கேட்பான்.

இன்றும் அதே கைப்பையோடுதான் வந்தாள். கதவைப் பூட்டி, சாவியைக் கேமராவுக்குக் காட்டிவிட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"போறேங்க."

தப்பாகக் காதில் விழுந்ததோ என்று திரும்ப ஓட்டிக் கேட்டான். அதே சொல்தான். கேமரா வழியாகப் பேசும் பொத்தானை அழுத்தினான்.

"போயிட்டு வாரேன்னு சொல்லு, செண்பகம்."

ஆளில்லாத வாசலில் ஒலித்த அவன் குரல், சற்றுப் பிந்தி அவனுக்கே கேட்டது.