மனைவிமார் பெஞ்சு

பெஞ்சில் இருந்த பெண்கள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள்.

எதிர்ச் சுவரோரம் ஆண்கள். சிலர் குந்தியிருந்தார்கள், சிலர் தூங்கி வழிந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் குடிநோய்ப் பிரிவில் அதுதான் ஏற்பாடு. சுவரோரம் குடிக்கிறவர்கள். பெஞ்சில், அவர்களைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவர்கள்.

அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே முடிவு செய்துவிட்டார்கள்.

பக்கத்தில் இருந்தவள் தன் பெயர் வேலாத்தாள் என்றாள். கொடுமுடிப் பக்கம் மஞ்சள் காடாம். தூங்கி வழிகிறவர்களில் ஒருவரைத் தாடையால் சுட்டி, எங்கூட்டுக்காரரு என்றாள்.

"உன்ர வூட்டுக்காரரு எங்க கண்ணு?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"வெளிய இருக்காருங்க."

அவள் ஒண்டிக்கட்டை. கட்டினவன் போய் வெகுகாலமாகிறது.

"எப்பக் குடிப்பாரு?"

"வேலை முடிஞ்சு வந்து. இப்பல்லாம் வேலைக்குப் போறதுக்கு முந்தியும்."

"அடிப்பாரா?"

"இல்லீங்க. அழுவாரு."

வேலாத்தாள் உச்சுக்கொட்டினாள்.

"பாவம். அந்த மனுசனுக்கு உள்ளுக்குள்ள என்னமோ கெடக்குது. நீ திட்டிப்போடாத சாமி."

மாட்டேன் என்று தலையாட்டினாள்.

தன்னைப் பற்றி யாரும் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. இல்லாத ஒருத்தன் பெயரில் வந்ததுதான். இருந்தாலும் சுகமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் சொல்ல மாட்டாளா என்றிருந்தது.

வேலாத்தாள் தன் பாட்டைச் சொல்ல ஆரம்பித்தாள். பிறந்த வீட்டுக்குக்கூடச் சொல்லாததையெல்லாம் சொன்னாள். அவள் ம் கொட்டினாள்.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. கோபிப் பொண்ணு.

அவள் போன் முழுக்க மணப்பெண்கள். கோபிப் பொண்ணு, பவானிப் பொண்ணு, பெருந்துறைப் பொண்ணு. கல்யாண அலங்காரம்தான் தொழில். ஆடி மாதம் ஈ ஓட்ட வேண்டும். ஆவணியில் மூச்சுவிட நேரமிருக்காது. மண்டபம் மண்டபமாக ஓடி, ஊர்ப் பெண்களையெல்லாம் சிங்காரித்து மேடைக்கு அனுப்பிவிட்டு, பூட்டிய வீட்டைத் திறந்துகொண்டு உள்ளே போக வேண்டும்.

போன முகூர்த்தத்தில் பவானிப் பொண்ணுக்கு மை தீட்டும்போது கை நடுங்கிக் கோடு கோணியது. துடைத்துவிட்டுத் திரும்ப வரையக் கிட்டே குனிந்தாள். பெண் மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். திட்டியிருந்தால் தேவலை.

அவள் முறை வந்தது. நர்சு கதவருகே நின்று அவளுக்குப் பின்னால் தேடினாள்.

"ஆளு எங்கம்மா? மொதல்ல அவர அனுப்பு."

"நான்தான் சிஸ்டர்."

மெதுவாகத்தான் சொன்னாள். இருந்தாலும் பெஞ்சு முழுக்கக் கேட்டது. சுவரோரம் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். குடித்துக் குடல் வெந்தவர்கள்கூட முகத்தைச் சுளித்தார்கள். வேலாத்தாளின் முகம் இறுகிவிட்டது. பக்கத்தில் காலியான இடத்தில் கிடந்த சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அதுதான் அவளுக்கு வலித்தது.

உள்ளே டாக்டர் நல்லவிதமாகவே பேசினார். வெறும் மாத்திரையோடு அனுப்ப முடியாது, சில நாள் இங்கேயே படுக்க வேண்டும் என்றார். குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதனால் கூட ஒருவர் இருக்க வேண்டும் என்றார்.

"யாரு வந்திருக்காங்க?"

அவள் போனைப் பார்த்தாள். மணப்பெண்கள்.

"ஆவணி முடிஞ்சதும் வரேன் சார்" என்றாள். சொன்னதும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தெரிந்திருந்தது. வீட்டு அலமாரியில், வளையல் பெட்டிக்குப் பின்னால் பாட்டில் இருந்தது.

வெளியே வந்தாள். தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சைக் கடந்தாள்.

"எங்க போற?"

வேலாத்தாள்தான். குரலில் அந்தக் 'கண்ணு'வும் இல்லை, 'சாமி'யும் இல்லை.

"ஆவணி முடிஞ்சு…"

"எங்கூட்டுக்காரரும் மஞ்ச வெட்டு முடியட்டும்பாரு. எத்தன வெட்டு முடிஞ்சுது தெரியுமா? அங்க பாரு, எப்புடிக் கெடக்கறாருன்னு."

அவள் நின்றாள். பார்த்தாள். வாயோரம் எச்சில் ஒழுக அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"கூட ஆளு வேணுமாங்க. எனக்கு யாரும் இல்லீங்க."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. இத்தனை பேர் பார்க்க அழுதது அதுதான் முதல் தடவை.

வேலாத்தாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் தீர்ந்த மாதிரி தெரியவில்லை.

"என்ர கிட்ட எதுக்குப் பொய் சொன்ன? மானத்த விட்டு அத்தனையும் சொன்னனே."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வேலாத்தாள் எழுந்து எதிர்ச் சுவருக்குப் போய்க் கணவரின் தோளை உலுக்கினாள்.

"ஏனுங்க, இங்கயே இருங்க. எங்கயும் போயிறாதீங்க."

பிறகு திரும்பி வந்து, அவள் முழங்கையைப் பிடித்துக் கதவுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். பிடி வலித்தது. விடுவித்துக்கொள்ளத் தோன்றவில்லை.

நர்சு நிமிர்ந்தாள்.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

"அக்கா."

"பேஷண்ட் பேரு சொல்லுங்க."

வேலாத்தாள் விழித்தாள். பிறகு அவள் பக்கம் குனிந்து, நர்சுக்குக் கேட்காதபடி கேட்டாள்.

"உம் பேரென்ன கண்ணு?"